தாவலின் உள்ளே

2012 பிப்ரவரியில் என் பிஎச்.டி. வைவா நடந்தது. கேள்விகள் முடிந்துவிட்டன என்று எல்லோரும் டீக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மட்டும் எழவில்லை. என் ஆய்வேட்டின் 63ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணும்மா," என்றார். "இந்த இடத்துல உங்க சிஸ்டம் தாவுது. தாவுறதுக்கு முன்னாடி வேலிக்கு உள்ள இருக்கு. தாவின பிறகும் உள்ள இருக்கு. நடுவுல வெளிய போயிட்டு வந்திருந்தா?" நான் யோசிக்கவே இல்லை. "நடுன்னு ஒண்ணு இல்ல சார். தாவலுக்கு நேரமே ஆகுறதில்லை," என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சரிம்மா" என்று சொல்லி ஏட்டை மூடினார். பட்டம் கிடைத்துவிட்டது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆனால் அந்த "சரிம்மா" என்னை விடவில்லை. ஒப்புக்கொண்டவர் சொல்லும் சரியாக அது இல்லை. பதில் இன்னும் வரவில்லை, பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்பவரின் சரி அது.

என் ஆய்வு கணத்தாக்கு வகைக் கட்டுப்பாட்டுச் சிக்கல்களில் உகந்த தீர்வுக்குத் தேவையான நிபந்தனைகள் பற்றியது. சாதாரணக் கட்டுப்பாட்டுச் சிக்கலில் நம் கையில் இருப்பது ஆக்சிலரேட்டர் மாதிரி. எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு ஓர் உச்சம் உண்டு, அதனால் வண்டி படிப்படியாகத்தான் வேகம் எடுக்கும். கணத்தாக்கு வகையில் அந்த உச்சத்தை எடுத்துவிடுகிறோம். மொத்தம் எவ்வளவு என்பதற்குத்தான் கணக்கு உண்டு, எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறோம் என்பதற்கு இல்லை. அப்போது முழுத் தாக்கையும் ஒரே கணத்தில் கொடுத்துவிடலாம். நிலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவிவிடும். இதோடு "இந்த எல்லையைத் தாண்டக் கூடாது" என்ற தடையும் சேர்ந்தால் என் சிக்கல் முழுமையாகிவிடும். அந்தத் தடையை நான் வகுப்பில் வேலி என்றுதான் சொல்வேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

இதை யாரும் பொழுதுபோகாமல் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்த வால்டர் ஹோமன், ஒரு வட்டப் பாதையிலிருந்து இன்னொரு வட்டப் பாதைக்கு விண்கலம் போக எந்த வழி சிக்கனம் என்று 1925இல் எழுதினார். அவர் சொன்ன வழியில் இரண்டே இரண்டு உந்துதல்தான். தொடக்கத்தில் ஒன்று, போய்ச் சேரும்போது ஒன்று, இடையில் எஞ்சினை அணைத்துவிட்டு மிதக்க வேண்டியதுதான். பின்னாளில் டெரிக் லாடன் இப்படிப்பட்ட பாதைகள் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளை எழுதினார். விண்கலத்தோடு கூடவே ஒரு திசையன் பயணம் செய்கிறது. அதன் நீளம் எங்கேயும் 1ஐத் தாண்டக் கூடாது. சரியாக 1ஐத் தொடும் கணத்தில்தான் எஞ்சினை எரிக்கலாம், அதுவும் அந்தத் திசையன் காட்டும் பக்கமாக. முதல் முறை படித்தபோது மெய்சிலிர்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு முள் "இப்போது", "இப்போது இல்லை" என்று சொல்லிக்கொண்டே கூட வருகிறது. 1965இல் ரேமண்ட் ரிஷெல், உகந்த பாதை நிறைவேற்ற வேண்டிய அடிப்படை நிபந்தனைகளான பொன்ட்ரியாகினின் பெருமக் கொள்கையைத் தாவல்கள் உள்ள கட்டுப்பாடுகளுக்கும் விரித்தார். வேலியைப் பொறுத்தவரை, பொன்ட்ரியாகினின் மாணவர் கம்கிரெலிட்ஸே அதற்கும் முன்பே, 1960இல், சாதாரணக் கட்டுப்பாட்டுக்கு அதைக் கையாண்டிருந்தார்.

வேலி என்றால் தொல்லை என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹோமன் சிக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளி வட்டத்தின் ஆரம் உள் வட்டத்தின் ஆரத்தைப் போல சுமார் 15.6 மடங்குக்கு மேல் இருந்தால், வெளி வட்டத்தையும் தாண்டி வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி வரும் மூன்று உந்துதல் வழி ஹோமன் வழியைவிட எப்போதும் சிக்கனம். இன்னும் தூரம் போனால் இன்னும் சிக்கனம். அப்படியானால் மிகச் சிறந்த வழி எது? முடிவிலி வரை போய்த் திரும்புவது! அதாவது விடையே கிடையாது. "இத்தனை தூரத்துக்கு மேல் போகாதே" என்று வேலி போட்ட பிறகுதான் அந்தக் கேள்விக்கு விடை பிறக்கிறது.

மங்கள்யான்

2013 நவம்பர் 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் கிளம்பியபோது என் பாடப்புத்தகமே வானத்தில் ஏறியது போல இருந்தது. அதன் முதன்மை எஞ்சினின் உந்துவிசை 440 நியூட்டன்தான். ஒரே மூச்சில் பூமியை விட்டுப் போக அது போதாது. ஆகவே பூமியைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு முறையும் மிக அருகில் வரும் இடத்தில் கொஞ்சம் எரித்து, பாதையின் மறுமுனையைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நவம்பர் 11ஆம் தேதி நடந்த நான்காவது எரிப்பில் வினாடிக்கு 130 மீட்டர் வேகம் கூட வேண்டியது, 35 மீட்டர்தான் கூடியது. எரிபொருள் வால்வை இயக்கும் முதன்மை மின்சுருளையும் மாற்றுச் சுருளையும் ஒரே நேரத்தில் இயக்கிச் சோதித்தபோது எஞ்சினுக்கு எரிபொருள் ஓட்டம் நின்றுவிட்டது. மறுநாளே இன்னொரு எரிப்பு செய்து குறையைச் சரிக்கட்டினார்கள். டிசம்பர் 1ஆம் தேதி நள்ளிரவு கழிந்து 22 நிமிட எரிப்பு, வினாடிக்கு 648 மீட்டர். கலம் செவ்வாயை நோக்கித் திரும்பியது.

அன்றிரவு தூங்காமல் டிவி பார்த்துக்கொண்டிருந்த நான் நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். செவ்வாய்ப் பயணம் ஏறக்குறைய 298 நாள், அதாவது சுமார் 4,29,000 நிமிடம். அதில் 22 நிமிடம் என்பது கிட்டத்தட்ட 20,000இல் 1 பங்கு. ஒரு புள்ளி. வைவாவில் நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நவம்பர் 11 மட்டும் லேசாக இடித்தது. ஏனென்றால் அன்றைய கோளாறு முழுவதும் நான் "இல்லை" என்று சொன்ன அந்த நடுவில்தான் நடந்தது. ஆனாலும் அதைப் பொறியாளர்கள் பாடு என்று ஒதுக்கிவிட்டேன்.

2014 செப்டம்பர் 24 காலை எல்லாம் மாறியது.

செவ்வாயை நெருங்கிய கலம் வேகத்தைக் குறைக்க வேண்டும். தவறினால் கிரகத்தைக் கடந்து எங்கோ போய்விடும். முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்த கட்டளைகளின்படி ஏழே கால் மணியளவில் எஞ்சின் எரியத் தொடங்கியது. சில நிமிடங்களில் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தது. சிக்னல் இல்லை. சிக்னல் இருந்தாலும் அது பூமிக்கு வந்துசேர 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். கல்லூரியில் ஆசிரியர் அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு சின்ன டிவி முன்னால் நின்றிருந்தோம். பக்கத்தில் நின்ற இயற்பியல் ஆசிரியை, "இப்ப அது என்ன பண்ணிட்டு இருக்கும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. இரண்டரை ஆண்டுக்கு முன்னால் என்னிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி.

அந்த எரிப்பு 1,388 வினாடி நீடித்தது, 23 நிமிடத்துக்குச் சற்று மேல். அப்போது கலத்தின் வேகம் வினாடிக்கு 5 கி.மீ. அளவில். பெருக்கிப் பார்த்தேன். நான் புள்ளி என்று சொன்ன நேரத்துக்குள் கலம் ஏறத்தாழ 7,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செவ்வாயின் ஆரமே 3,390 கி.மீ.தான்! செவ்வாய்க்கு மேலே, மிக நெருங்கிய இடத்தில் வெறும் சில நூறு கி.மீ. உயரத்தில், ஒரு பெரிய வளைவாக அந்தப் புள்ளி நீண்டு கிடந்தது. எரிப்புக்கு முந்தைய பாதை கிரகத்தைச் சுற்றிய வேலிக்கு வெளியே பத்திரமாக இருக்கிறது, பிந்தைய பாதையும் பத்திரமாக இருக்கிறது, ஆகவே எல்லாம் நலம் என்று அந்த அறையில் நின்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில்தான் கிரகம் இருக்கிறது. எட்டு மணி வாக்கில் வெற்றி என்று அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். என் கண்ணில் தண்ணீர். அதில் பாதி மங்கள்யானுக்காக, மீதி 63ஆம் பக்கத்துக்காக.

1, 0, அரை

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்கல எரிப்பைச் சுருக்கிச் சுருக்கி உண்மையிலேயே ஒரு கணமாக்கிவிட்டால், அந்தக் கணத்தில் கலம் இருக்கும் இடம் மாறுவதில்லை, திசைவேகம் மட்டும் மாறும். இரண்டு தாக்குகளை எந்த வரிசையில் கொடுத்தாலும் கூட்டுத்தொகை ஒன்றே. ஆகவே இட வேலியைப் பொறுத்தவரை லாடன் காலத்துக் கணக்குக்கு எந்தப் பழுதும் இல்லை. தாக்கின் விளைவு நிலையையே சார்ந்திருக்கும்போதுதான் சிக்கல் வருகிறது, ஏனென்றால் தாவும்போது அந்த நிலையும் மாறிக்கொண்டே இருக்கிறது. என் ஆய்வேட்டில் நான் எடுத்துக்கொண்டது துல்லியமாக அந்த வகைதான்.

அன்று மதியம் ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் இதை எழுதினேன். ஒரு மைதானத்தின் தென்மேற்கு மூலையில் நிற்கிறீர்கள். கிழக்கே ஓர் அலகு, வடக்கே ஓர் அலகு போக வேண்டும். கையில் ஆட்டோவில் இருப்பது போல ஒரு மீட்டர் இருக்கிறது. கிழக்கே நடக்கும்போது அது ஓடாது. வடக்கே நடக்கும்போது, நீங்கள் அந்த நேரத்தில் எவ்வளவு கிழக்கே இருக்கிறீர்களோ அந்த வீதத்தில் ஓடும். இப்போது முதலில் கிழக்கே போய்விட்டுப் பிறகு வடக்கே போங்கள்: மீட்டர் 1 காட்டும். முதலில் வடக்கே, பிறகு கிழக்கே: 0. மூலைவிட்டமாக நேரே போனால் அரை. போய்ச் சேர்ந்த இடம் மூன்றிலும் ஒன்றுதான். கொடுத்த தாக்கும் ஒன்றுதான், கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று. முழு நடையையும் ஒரே கணமாகச் சுருக்குங்கள். மூன்று விடைகளும் அப்படியே இருக்கும். அந்த 1, 0, அரை மூன்றும் நேரத்தை நம்பி இல்லை, வரிசையை நம்பி இருக்கின்றன. எவ்வளவு என்று மட்டும் சொல்லி, எப்படி என்று சொல்லாவிட்டால், தாவல் எங்கே போய் இறங்கும் என்பதே தெரியாது.

இப்போது தென்கிழக்கு மூலையில் ஒரு குழி தோண்டி, அதைச் சுற்றி வேலி போடுங்கள். தொடங்கும் இடம் வேலிக்கு வெளியே, முடியும் இடமும் வெளியே. ஆனால் மீட்டரில் 1 வேண்டும் என்பவர் அந்த மூலை வழியாகத்தான் போயாக வேண்டும். இரு முனைகளில் மட்டும் சோதித்தால் அவரைச் "சரி, போகலாம்" என்று விட்டுவிடுவோம். உண்மையான எந்த எஞ்சினும், எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், அந்தத் தாவலை நெருங்கிப் பின்பற்றும்போது குழிக்குள் விழும். என் 63ஆம் பக்கம் அவரை விட்டுவிட்டிருந்தது.

சரிசெய்யும் வழி இருந்தது, அதுவும் நான் படிக்க வேண்டிய இடத்திலேயே. இத்தாலியில் பிரெஸ்ஸானும் ரம்பாட்ஸோவும் 1988இல் இதை எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டு வின்டரும் பெரேய்ராவும் தாவல் உள்ள பாதைகளுக்கான பெருமக் கொள்கையை வெளியிட்டார்கள். அடிப்படை எண்ணம் எளிது. இன்னொரு கடிகாரத்தை மாட்டுகிறோம். தாவல் வரும்போது பழைய கடிகாரம் நிற்கும், புதியது ஓடிக்கொண்டே இருக்கும். புதிய கடிகாரத்தில் பார்த்தால் தாவலே இல்லை. அது ஒரு சாதாரண நடை. அதன் ஒவ்வோர் அடியிலும் வேலியைச் சோதிக்கலாம். தேவையான நிபந்தனைகளும் அந்த நடைக்குள் நீள்கின்றன. நிபந்தனைகளில் முக்கியமானது நிழல் விலை: இந்தக் கணத்தில் நிலையை இம்மி அளவு நகர்த்தினால் மொத்தச் செலவு எவ்வளவு மாறும் என்று சொல்லும் திசையன். லாடனின் முள் அதுதான். பாதை வேலியைத் தொடும் இடத்தில் ஒரு பெருக்கி, அதாவது அந்தத் தடை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் எண், எடை சேர்க்கும், நிழல் விலை அங்கே குதிக்கும். தொடாத இடத்தில் எடை பூஜ்ஜியம். நான் எழுதியதில் இந்த எடை வைக்க நேரக்கோட்டில் மட்டுமே இடம் இருந்தது. தாவலுக்குள்ளே, நின்றுபோன கடிகாரத்துக்குள்ளே, பாதை வேலியை உரசினால் அங்கேயும் எடை வைக்க ஓர் இடம் வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் அதற்கே உரிய ஒரு நிழல் விலைப் பாதை, அதற்கே உரிய ஓர் எடை. அவற்றை நான் எழுதவே இல்லை.

அவருடைய அடுத்த கேள்வி

இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி, அந்தத் தேர்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "சார், 2012இல் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் தவறான பதில் சொன்னேன். இதோ என் பதில்." மூன்றாம் நாள் போன் வந்தது. "வந்துட்டீங்களே! மைதானம் கணக்கு நல்லா இருக்கும்மா, நான் கிளாஸ்ல எடுத்துக்கிறேன்," என்றார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. அப்புறம், வழக்கம் போல, "ஒண்ணே ஒண்ணு. தொடங்குற புள்ளியே வேலி மேல இருந்தா?"

இந்த முறை யோசித்தேன். பல மாதம் யோசித்தேன். தேவையான நிபந்தனை என்பது ஒரு சல்லடை. உகந்த பாதை எதுவானாலும் அதில் தங்கும். உகந்தது அல்லாத பல உதிரும். மிஞ்சியவற்றுக்குள் தேடினால் போதும். நிபந்தனைகளில் ஒன்று, "எல்லாப் பெருக்கிகளும் ஒரே சமயத்தில் பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது" என்பது. அது இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பூஜ்ஜியம் என்று வைத்து எந்தப் பாதையையும் தேற்றிவிடலாம். இப்போது பாதை வேலி மேலேயே தொடங்குகிறது என்று வையுங்கள். செலவுக்கான பெருக்கியைப் பூஜ்ஜியமாக்குங்கள். வேலியின் எடை முழுவதையும் தொடக்கக் கணத்தில் வையுங்கள். பாதை அங்கே வேலியைத் தொடுவதால் அதற்கு அனுமதி உண்டு. தொடக்க நிழல் விலையை அந்த எடையைச் சரியாக அடித்துவிடும்படி தேர்ந்தெடுங்கள். அடுத்த நொடியிலிருந்து நிழல் விலை பூஜ்ஜியம், எல்லா நிபந்தனைகளும் 0 = 0. "எல்லாமே பூஜ்ஜியம் ஆகக் கூடாது" என்பதும் நிறைவேறிவிட்டது, ஏனென்றால் தொடக்கத்தில் ஓர் எடை இருக்கிறதே. மிக மோசமான பாதை, ஊரைச் சுற்றி வரும் பாதை, எல்லாமே தேறிவிடும். சல்லடையில் கண்ணே இல்லை.

தேற்றம் பொய் இல்லை. அதன் ஒவ்வொரு வரியும் உண்மை, நிரூபணத்தில் ஓட்டை இல்லை. ஆனால் அது எதையும் சொல்லவில்லை. இதை நானே கையால் எழுதிப் பார்த்த இரவு எனக்கு ஒரு மாதிரி பயமாக இருந்தது. ஆய்வேட்டில் எத்தனை இடத்தில் இப்படி உண்மையை மட்டும் எழுதி நிறைவடைந்திருக்கிறேன் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். இந்தத் துறையில் இருக்கும் இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: உங்கள் நிபந்தனை சரியா என்று கேட்பதோடு, அது யாரையாவது வெளியே அனுப்புகிறதா என்றும் கேளுங்கள். வேண்டுமென்றே ஒரு மோசமான பாதையை எடுத்து அதில் போட்டுப் பாருங்கள். அதுவும் தேறினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வேலி மேல் தொடங்குவது அபூர்வமான நிலை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இல்லவே இல்லை. நிரம்பி நிற்கும் அணை, தீர்ந்துபோன கையிருப்பு, தரையில் நிற்கும் ராக்கெட் எல்லாமே வேலி மேல்தான் தொடங்குகின்றன. சாதாரணக் கட்டுப்பாட்டில் இந்த வெறுமை முன்பே தெரிந்திருந்தது. மாஸ்கோவில் அருத்யூனோவ் உள்ளிட்டவர்கள் அதற்கு மருந்து கண்டிருந்தார்கள். தொடக்கப் புள்ளியில் நின்றுகொண்டு, வேலியை விட்டு உள்பக்கம் தள்ளும் கட்டுப்பாடு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் அந்த மருந்து. அப்படி ஒன்று இருந்துவிட்டால், எடை முழுவதையும் முதல் கணத்திலேயே கொட்டிவிட்டுத் தப்பிக்கும் வழி அடைபடும். பெருக்கிகள் பாதையின் மீதிப் பகுதியிலும் உயிரோடு இருந்தாக வேண்டும். கணத்தாக்கும் வேலியும் சேர்ந்த சிக்கலுக்கு இப்படி வெறுமையாகிவிடாத பெருமக் கொள்கையை அருத்யூனோவ், கராம்ஸின், போர்த்துகலின் போர்ட்டோ நகரத்தைச் சேர்ந்த பெரேய்ரா மூவரும் 2005இல் வெளியிட்டார்கள். நான் ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே! அந்தக் கட்டுரையை நான் புரட்டியிருக்கிறேன். தலைப்பையும் முடிவையும் பார்த்துவிட்டு, இந்த நிபந்தனை எதற்கு இவ்வளவு கனமாக இருக்கிறது என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்தக் கனம் எதற்கு என்று அவருடைய கேள்விக்குப் பிறகுதான் புரிந்தது.

இதையும் எழுதி அனுப்பினேன். முதல் கணத்திலேயே தாவல் வந்து, அந்தத் தாவலே வேலியை உரசிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே எழுதினேன், அவர் கேட்பதற்கு முன்பாக. அவர் பதிலில் இரண்டு வரிதான் இருந்தது. "படித்தேன். லைப்ரரி காப்பியில் 63ஆம் பக்கம் என்ன ஆச்சு?"

பைண்டு செய்து நூலகத்தில் வைத்த ஆய்வேட்டைத் திருத்த முடியாது. போன மாதம் ஒரு வேலையாகப் பல்கலைக்கழகம் போனபோது, இரண்டாம் மாடியில் அதைத் தேடி எடுத்தேன். நூலகரிடம் விஷயத்தைச் சொன்னேன். "எழுதக் கூடாதும்மா, ஆனா சீட்டு வைக்கலாம்," என்றார். அங்கேயே உட்கார்ந்து ஒரு கோடு போட்ட தாளில் எழுதினேன்: "இந்தப் பக்கத்தின் மூன்றாம் நிபந்தனை வேலியைத் தாவலின் இரு முனைகளில் மட்டும் சோதிக்கிறது. உள்ளேயும் சோதிக்க வேண்டும். தொடக்கப் புள்ளி வேலி மேல் இருந்தால் இந்தத் தேற்றம் எதையும் விலக்காது. மைதான எடுத்துக்காட்டு பின்பக்கத்தில்." பின்பக்கத்தில் சதுரத்தை வரைந்து, மூன்று வழிகளுக்கும் அம்புக்குறி போட்டு, 1, 0, ½ என்று எழுதி, தென்கிழக்கு மூலையைக் கறுப்பாக்கினேன். மின்னஞ்சல் முகவரியையும் கீழே எழுதிவிட்டு, சீட்டை மடித்து 63ஆம் பக்கத்தில் வைத்தேன்.